தெரு முழுக்கச் சிவப்புப் புடவை

முதலில் ஒரு மன்னிப்பு.

இந்த வாரம், விமானம் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எழுதப் போகிறேன். எனக்கு என்ன தகுதி? ஒன்றும் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் ஏறிய அதிகபட்ச உயரம் பொருட்காட்சி ராட்டினம் — அதிலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணாயில் க்யூ, குழாயடி, ரேஷன் அரிசியில் கல்... இதைத்தான் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். நீங்களும் ‘எங்கள் தெருவிலும் இதே கதைதான்’ என்று கார்டு போடுகிறீர்கள்.

இந்த வாரக் கதை உங்கள் தெருவில் நடந்திருக்காது. தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைத்தாளே என்று நினைக்காமல் படித்துவிடுங்கள்.

போன வியாழக்கிழமை காலை, சேக்காட்டில் எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் சிவப்புப் புடவை விரித்துக் கிடந்தது. ஓட்டு வீட்டில் ஓட்டின் மேல். மாடியும் ஓடும் இல்லாத கீற்று வீட்டில், வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலின் மேல். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “இன்னா, எதுனா எலெக்‌ஷனா?” என்று கேட்டாராம்.

எலெக்‌ஷன் இல்லை. என் தம்பி வருவதாக இருந்தான். வாசல் வழியாக இல்லை — மேலே.

தம்பியை வீட்டில் துரை என்று கூப்பிடுவோம். நிஜப் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். சீனச் சண்டை வந்தபோது ராணுவத்துக்கு அவசர அவசரமாக ஆபீசர்களை எடுத்தார்களே, அப்போது காலேஜிலிருந்து நேராகப் போனவன். முதலில் பீரங்கிப் படை. பிறகு, விமானம் ஓட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் கையைத் தூக்கிவிட்டான்.

ராணுவத்தில் ஏது விமானம், அது விமானப் படை அல்லவா? நானும் அப்படித்தான் கேட்டேன். பீரங்கிக்காரர்களுக்கு என்று குட்டி விமானங்கள் உண்டாம். பீரங்கியிலிருந்து போகிற குண்டு பல மைல் தள்ளிப் போய் விழும். எங்கே விழுந்தது என்று சுட்டவருக்குத் தெரியாது. மேலே இருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் என் தம்பி.

லீவில் வரும்போதெல்லாம் எல்லோரும் அவனைக் கேட்பார்கள் — பிளேன் ஓட்டுவது எப்படி இருக்கும்? அவனிடம் ஒரே பதில்தான். “பஸ் ஓட்டற மாதிரிதான்.”

“பஸ்ஸுன்னா, கண்டக்டர் யாரு மச்சான்?” என்பார் என் வீட்டுக்காரர். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். தம்பியைக் கண்டால் அவருக்கு வாய் ஓயாது. எல்லோரும் சிரிப்போம். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நான் மட்டும் கேட்டதில்லை. கேட்க ஆசை இல்லாமல் இல்லை. எனக்கு எதையும் வாய் திறந்து கேட்க வராது, அவ்வளவுதான். பூந்தமல்லியில் அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் போனேன் ஒருமுறை. ஸ்டாப்பிங் வந்துவிட்டது. கூட்டத்தில் ‘இறங்கணும்’ என்று கத்தக் கூச்சம். வேலப்பன்சாவடி வரை பேசாமல் போய், வேறு யாரோ இறங்கியபோது நானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். அப்படிப்பட்டவள் ராணுவ ஆபீசரைக் கேள்வி கேட்பேனா?

போன மாதம் துரை இரண்டு நாள் லீவில் வந்தான்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “காபி வேணுமாடா?” என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் சட்டென்று திரும்பினான்.

“இந்தப் பக்கம் வந்து பேசுக்கா. அந்தக் காது சரியில்ல.”

பனிப் பிரதேசத்தில் இருந்தபோது காய்ச்சலாம். காய்ச்சலோடு பறந்திருக்கிறான். இடது காதில் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது. மிலிட்டரி டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனிமேல் விமானம் கிடையாது என்று எழுதிவிட்டார். பழைய விமானம் ஒன்றைப் பெங்களூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. கூட இன்னொரு பைலட் உட்கார்ந்து வருவதானால் இவன் ஓட்டலாம் என்று மேலதிகாரி இரக்கப்பட்டு அனுமதி கொடுத்திருக்கிறார்.

“அதான் கடைசி. அப்பறம் ஜீப்பு, மேஜை, ஃபைலு.”

ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் ஏற்றி என்ன வேண்டிக்கொண்டேன்? அவன் பத்திரமாகத் தரையில் இருக்க வேண்டும் என்று. அம்மாவும் அதையேதான் வேண்டினாள். இதோ, கிடைத்துவிட்டது. வேண்டியதெல்லாம் கிடைத்த வீட்டில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேலே போகிறவர்கள் பத்திரமாகக் கீழே வர வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்கிறோமா?

அன்றைக்குத்தான் கேட்டேன். “எப்படிடா இருக்கும்... மேல?”

பஸ் மாதிரி என்று சொல்லவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டான். அப்புறம் சொல்ல ஆரம்பித்தான்.

அந்த விமானம் பெரிய இரும்புப் பறவையெல்லாம் இல்லையாம். உள்ளே குழாய்ச் சட்டம், மேலே துணி. துணி மேல் பெயின்ட். “நெஜமாவே துணிதான்க்கா. குத்தினா ஓட்ட உழும்.” துப்பாக்கி கிடையாது. ஒரு வயர்லெஸ், ஒரு மேப், ஒரு பென்சில். விமான நிலையமும் கிடையாது. காய்ந்த ஏரி, அறுவடை ஆன வயல், ரோடு... எது கிடைக்கிறதோ அதில் இறங்கி, அதிலிருந்தே ஏற வேண்டும்.

“கட்டாந்தரையில ஓடும்போது பல்லெல்லாம் ஆடும். கடகடகடன்னு. இது எங்க எழும்பப் போவுதுன்னு இருக்கும். திடீர்னு அந்தச் சத்தம் நின்னு போயிடும். என்ஜின் சத்தம் இல்ல, தரையோட சத்தம். அது நின்னா மேல வந்துட்டோம்னு அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாரு... எத்தினி வாட்டி பறந்தாலும் அது பழசாவறதே இல்லக்கா.”

நான் கல் பொறுக்குவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

நிழலைப் பற்றிச் சொன்னான். வெயில் நாளில் விமானத்தின் நிழல் கீழே கூடவே ஓடி வருமாம். வயலில் ஓடும், கிணற்றைத் தாண்டும், சுவரில் ஏறி இறங்கும். மேலே போகப் போகச் சின்னதாகிக் காணாமலே போய்விடும். இறங்கும்போது எங்கிருந்தோ வந்துவிடும். கிட்டே கிட்டே, பெரிசாகிப் பெரிசாகி.

“எறங்கறதுன்னா வேற ஒண்ணும் இல்ல. நம்ம நெழலு வந்து நம்ம காலப் புடிச்சிக்கும். அவ்ளோதான்.”

“சண்டையில?” என்றேன்.

சண்டையில் உயரமாகப் பறக்கக் கூடாதாம். மரத்தோடு மரமாகப் போய், கொஞ்சம் எழும்பி எட்டிப் பார்த்து, உடனே தணிந்துவிட வேண்டும். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து இத்தனை தள்ளு, வலது பக்கம் இத்தனை என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும்.

“தப்பாச் சொல்லிட்டா?”

“தப்பாச் சொல்லக் கூடாது.” முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“மேலேருந்து பாக்கும்போது, அசையாம கெடந்தா டாங்கிகூடத் தெரியாதுக்கா. அசைஞ்சா நாய்க்குட்டிகூடத் தெரியும். நம்ம ஆளுங்க எங்க கீறாங்கன்னு தெரியறதுக்குத் தரையில கலர் துணி விரிச்சு வெப்பாங்க. இன்னிக்கு இந்தக் கலர்னு முன்னாடியே பேச்சு. அந்தத் துணியப் பாத்துட்டா மனசுக்கு அப்பாடான்னு இருக்கும்.”

பிறகு ஒரு கிராமத்தைப் பற்றிச் சொன்னான். எல்லையோரக் கிராமம். ஜனங்களெல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். ஒரு வீட்டிலும் புகை இல்லை. ஆனால் ஒரு வீட்டு முற்றத்தில், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சின்னதும் பெரிசுமாக. தினமும் அதன் மேல்தான் பறந்திருக்கிறான். தினமும் அதே துணி. யாரும் எடுக்கவில்லை.

“துணி இருந்துச்சு. ஆளு இல்ல” என்றான்.

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. எழுந்து தட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். அப்போது எப்படியோ எனக்கு வாய் வந்துவிட்டது.

“நீ பறந்து நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லையே, துரை.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முறத்திலிருந்த அரிசியைப் பரப்பி, விரலால் கோடு போட்டான். இது ரயில் லைன். இது ஏரி. இது ரோடு. பெங்களூரிலிருந்து வரும்போது கொஞ்சம் வளைந்து வரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். எங்கள் தெருவுக்கு ஒரு கோடு போட்டதும் விரல் நின்றுவிட்டது.

“எல்லா மாடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊட்ட எப்டிக் கண்டுபிடிப்பேன்? செவப்பா ஒரு பொடவ விரிச்சு வெய்க்கா. பாத்துட்டா எறக்கைய ஆட்டறேன். பேச முடியாதப்ப எங்களுக்கு அதான் பேச்சு. ‘பாத்துட்டேன்’னு அர்த்தம்.”

கடைசியாக ஒரு முறை பறக்கிறான். நான் முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். இரண்டும் ஒன்றுதான். தவறினால் இன்னொன்று கிடையாது.

வளைந்து வர அனுமதி கிடைத்துவிட்டது என்று கார்டு வந்தது. வியாழக்கிழமை காலை. காது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. விமான விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

அவர் அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் போகிறவர்; தெருவில் பாதிப் பேருக்கும் அதே ரயில்தான். நான் மேற்கொண்டு எழுத வேண்டுமா?

வியாழக்கிழமை விடிந்ததும் என் கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நல்ல அரக்குச் சிவப்பு. விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால்... எதிர் மாடியில் சிவப்பு. அதற்கு அடுத்த மாடியில் சிவப்பு. கோடி வீட்டு யூனியன்காரர் புடவைக்குப் பதில் தன் கொடியையே விரித்து, பக்கத்தில் சல்யூட் அடிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாடியிலிருந்து பிலோமினா அக்கா கூப்பிட்டார். “நாங்க கல்யாணத்துக்கே வெள்ளதான் கட்டறவங்க, தங்கச்சி. எங்கூட்ல செவப்புப் பொடவைக்கு எங்க போறது? ஜன்னல் கர்ட்டனக் கழட்டிப் போட்டுக்கீறேன். தம்பி ஒண்ணும் நெனச்சிக்காதே?”

“நினைச்சுக்க மாட்டான்க்கா” என்றேன். சிவப்பு மாடிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமையாக வந்து நின்றார். “இன்னா மரியாதை பாத்தியா.”

“எல்லாரும் விரிச்சா நம்ம வீடு எதுன்னு அவனுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் முகத்தில் அப்போதுதான் விஷயம் உறைத்தது. தலையைச் சொறிந்தார். “செவப்பா விரிச்சா றெக்கைய ஆட்டுவான்னுதாம்மே சொன்னேன். அதுக்குப் போயி... இப்ப எடுங்கன்னு எப்டி சொல்றது? சாமி ஊர்வலம் வரசொல்ல நம்ம ஊட்ல மட்டும் கோலம் போட்டுக்குனு, பக்கத்தூட்டுக்காரன அழிக்கச் சொல்வியா நீ?”

அதுதான் விஷயம். தெருவில் யாரும் தவறாகச் செய்யவில்லை. சாமி வந்தால் வீட்டுக்கு வீடு கோலம். துரை வந்தால் வீட்டுக்கு வீடு சிவப்பு. அவனை அவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துவிட்டார்கள். இதற்காக யாரைக் கோபித்துக்கொள்வது?

சத்தம் வந்தது. தையல் மெஷினைத் தூக்கி வானத்தில் வைத்து மிதித்தது போல ஒரு சத்தம். ஏரிப் பக்கமிருந்து வந்தான். இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இதிலா என் தம்பி சண்டைக்குப் போனான்?

தெருவே கை ஆட்டியது. ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கை ஆடவில்லை. இரண்டாவது சுற்று. அப்போதும் ஆடவில்லை. “இன்னா மச்சான், மறந்துட்டியா?” என்று வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

மறக்கவில்லை. தேடுகிறான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். விமானம் கொஞ்சம் விலகி, மூக்கைத் தெற்கே திருப்பியது. தெற்கே மீனம்பாக்கம்.

அசைஞ்சா நாய்க்குட்டிகூடத் தெரியும்.

செங்கற்களைக் காலால் தள்ளினேன். புடவையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கோடி வரை ஓடி, திரும்பி இந்தக் கோடிக்கு. ஆறு கஜமும் காற்றில் எழும்பிப் பின்னால் படபடத்தது. பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்ல வராத நான், தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, “துரை... துரை...” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

“ஏய், கைப்பிடிச் சுவருகிட்ட போவாத, உழுந்துடப் போற” என்று வீட்டுக்காரரும் என் பின்னால் ஓடி வந்தார்.

விமானம் திரும்பியது. நேராக வந்தது. இடது இறக்கை தணிந்தது. வலது தணிந்தது. மறுபடி இடது. அதன் நிழல் எதிர் வீட்டுச் சுவரில் ஏறி, தெருவைத் தாண்டி, எங்கள் மாடிக்கு வந்து, ஒரு நொடி என் மேலும் புடவை மேலும் விழுந்து, போய்விட்டது.

அவ்வளவுதான் நான் பார்த்தது.

“என் கர்ட்டனப் பாத்துட்டான்” என்றார் பிலோமினா அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கொடியைப் பார்த்துத்தான் ஆட்டினான் என்று கோடி வீட்டுக்காரர். நான் யாரையும் மறுக்கவில்லை. வானம் பொதுதானே?

சாயங்காலம் துரை கையில் ஒரு பையோடு ரயிலில் வந்து இறங்கினான். சாதாரண சட்டை, சாதாரண செருப்பு. தெருவில் ஆளுக்கு ஆள் கை கொடுத்தார்கள்.

“எப்டி மச்சான் நம்ம ஏற்பாடு?” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சம் பயந்துகொண்டே.

“சண்டையில நம்ம ஆளு எங்கன்னு தேடித் தேடிப் பாப்போம் மாமா. இங்க நம்ம ஆளு இல்லாத எடமே காணோம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

எல்லோரும் போன பிறகு, அவனுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். “எப்படிடா கண்டுபிடிச்ச?”

“கண்டுபுடிக்கலக்கா. முடியாதுன்னு திருப்பிட்டேன். அப்ப ஒரு பொடவ ஓடிச்சு.” டம்ளரைக் கீழே வைத்தான். “மத்தது எல்லாம் துணி. அதுல மட்டும் ஆளு இருந்துச்சு.”

அவன் வலது கை முழங்கால் மேல் இருந்தது. விரல்கள் எதையோ லேசாகப் பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தன. மெதுவாக இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் வந்தது. அவனுக்கே அது தெரியவில்லை.

“இறங்கினப்ப?” என்று கேட்டேன்.

“நெழலு வந்துச்சு” என்றான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவனைக் கேட்டுவிட்டேன். காது விஷயம் சனிக்கிழமை அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள்.

விமானம் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. துரை ஆபீசில் பேப்பர்களைக் கொடுக்கக் காலை ரயிலில் டவுனுக்குப் போனான். நல்ல கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனான்.